காலடியில் ஐந்து பொத்தான்கள்: பழைய பேருந்தின் தரைச் சுவிட்சுகளை வைத்துக்கொள்வதா, ஸ்டியரிங்குக்கு மாற்றுவதா?

வீடாக மாற்றப்பட்ட பழைய பேருந்து வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எஞ்சினையும் துருவையும். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தது பணம் கொடுத்த பிறகுதான். வலது காலுக்கு பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் இருந்தன. இடது கால் பக்கம் சரிவான தரைத்தகட்டில் இன்னும் ஐந்து சாமான்கள். இரண்டு வட்டப் பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில், சற்றுத் தள்ளி இன்னொன்று, ரப்பர் மூடி போட்ட ஒன்று, பித்தளையில் ஒரு குமிழ். விற்றவருக்கு அதில் இரண்டுதான் தெரிந்திருந்தது. மற்றதை மிதிக்க வேண்டாம் என்றார்.

பேருந்து, ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க நகரங்களுக்காக 1959 முதல் செய்த ‘நியூ லுக்’ வகை. முன்கண்ணாடி வளைந்து புடைத்திருப்பதால் மீன் தொட்டி என்று பட்டப்பெயர். மாடல் டிடிஎச்-5303: நகரப் பேருந்து, டீசல், ஹைட்ராலிக் கியர், 53 இருக்கை என்பதன் சுருக்கம். கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேறு வேலையே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி ஒரு தரை கையில் கிடைத்தால் முன்னால் இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து, பழுது பார்த்து, அங்கேயே வைத்துக்கொள்வது. இன்னொன்று, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்டியரிங் தண்டில் கிளாம்ப் போட்டு மாட்டும் இண்டிகேட்டர் கைப்பிடி ஒன்றும் டேஷ்போர்டில் நான்கு சுவிட்சும் வைத்துப் புதிதாக வயர் இழுப்பது. நான் முதல் வழியில் போனேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டாவது வழியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காரிலிருந்து வருபவருக்கு அதுவே பழக்கம். மனைவியோ நண்பரோ ஓட்ட வேண்டுமானால் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கைப்பிடிகள் பலவற்றில் சின்ன நாக்கு ஒன்றை இழுத்தால் நான்கு விளக்கும் சேர்ந்து எரியும் அபாய எச்சரிக்கையும் கிடைக்கும். என் தரைப் பொத்தான்களில் அது இல்லை, தனியாகச் சேர்த்தேன். வேலையும் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது ஏழு வாரம்.

அந்த ஏழு வாரம் எங்கே போனது என்று சொன்னால்தான் என் முடிவு புரியும்.

நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார். இந்த மாதிரி வண்டியில் மூன்று பேர் கை வைத்திருப்பார்கள்: தொழிற்சாலை, வண்டியை ஓட்டிய நிறுவனம், வீடாக மாற்றியவர். எந்தப் பொத்தான் யாருடையது என்று முதலில் பிரி, என்ன செய்கிறது என்பதை அப்புறம் பார். அதைக் கேட்டதும் பாதி குழப்பம் போய்விட்டது. வயரைப் பார்த்தாலே போதும். தொழிற்சாலை வயர் கட்டாகக் கட்டப்பட்டு, எண் போட்டு, தரையில் ரப்பர் வளையம் போட்ட துளை வழியே இறங்குகிறது. வீடாக மாற்றியவரின் வயர் பளிச்சென்ற நிறத்தில், நசுக்கி இணைக்கும் நீல முனைகளோடு, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஓடுகிறது. ஐந்தில் நான்கு பழையவை, பித்தளைக் குமிழ் மட்டும் பின்னால் வந்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது.

அடுத்தது மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்த முனையும் எந்த முனையும் உள்ளே இணைந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் முறை. இரண்டு முனை இருந்து, மிதிக்கும்போது மட்டும் இணைந்து, காலை எடுத்ததும் பிரிந்தால், அது அழுத்தி வைத்திருக்கும் வகை. மூன்று முனை இருந்து, ஒவ்வொரு மிதிக்கும் பொதுமுனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவினால், அது டிம்மர்: ஹை பீம், லோ பீம் மாற்றுவது. தள்ளியிருந்த பொத்தான் டிம்மர் என்பது இப்படித்தான் உறுதியானது. பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டும் இடது, வலது இண்டிகேட்டர். ரப்பர் மூடி போட்டதும் அழுத்தி வைத்திருக்கும் வகைதான். அதன் வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் போய் வெட்டப்பட்டு நின்றது. பயணிகளுக்கு நிறுத்தத்தின் பெயர் சொல்லும் மைக்கின் சுவிட்ச். ஒலிபெருக்கியை எடுத்தவர் வயரை அப்படியே விட்டிருக்கிறார்.

பித்தளைக் குமிழில் வயரே இல்லை, காற்றுக் குழாய். டேங்கில் காற்று ஏறிய பிறகு மெதுவாக மிதித்தேன். தரைக்குக் கீழே உஸ்ஸென்று சத்தம், அழுத்தமானி இறங்கியது. யாரோ காற்று ஹாரன் மாட்டி, பின்னால் ஹாரனை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் காற்று பிரேக்குக்கும் வேண்டிய காற்று. அறியாமல் அதன்மேல் கால் வைத்தபடி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். குழாயை டேங்கிலேயே அடைத்துவிட்டேன். ஐந்தில் நான் நீக்கியது அது ஒன்றுதான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகள் காற்றுப் பைகள்மேல் உட்கார்ந்திருப்பவை. பையில் காற்று இறங்கினால் உடல் அப்படியே கீழே வரும். வயரைத் தேடிக் கீழே படுக்கும் முன், சக்கரத்துக்கு ஆப்பு வைத்தால் மட்டும் போதாது; சட்டத்துக்கு அடியில் திடமான முட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஜாக்கை நம்பிப் படுக்கக் கூடாது.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம். ஓட்டும் சுகமோ பழமையின் அழகோ அல்ல, பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, வயரிங் வரைபடம்.

இந்த வண்டிக்குத் தொழிற்சாலைப் பராமரிப்புக் கையேடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு வயருக்கும் எண் உண்டு. தரைச் சுவிட்சுகள் அங்கேயே இருக்கும்வரை அந்தப் புத்தகம் சொல்வது உண்மை. இரவில் வழியில் ஒரு விளக்கு அணைந்தால், புத்தகத்தைப் பிரித்து எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் பழுது எங்கே என்று கிடைத்துவிடும். நான் இல்லாவிட்டாலும், வண்டியை முன்பின் பார்த்திராத மெக்கானிக்குக்கும் கிடைக்கும். ஒரு சுவிட்சை இடம் மாற்றினால் புத்தகத்தில் ஒரு வரி பொய்யாகும். ஐந்தை மாற்றினால் ஒரு பக்கமே பொய். எந்தப் பக்கம் என்பது மாற்றியவருக்கு மட்டுமே தெரியும், அவருக்கும் மூன்று வருடத்தில் மறந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் செய்த நாலைந்து மாற்றங்களைத் தேடுவதிலேயே என் ஏழு வாரத்தில் நாலு வாரம் போனது. தரைப் பொத்தான்களைக் கண்டுபிடிக்க உண்மையில் ஆனது மூன்று வாரம்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று வேலையின் நடுவில் தெரிய வந்தது. தரைச் சுவிட்சுகளின் வயர்கள் போய்ச் சேரும் டெர்மினல் பலகையில், எதற்கென்றே தெரியாத இரண்டு வயர்கள் பின்பக்கம் ஓடின. செத்த வயர் என்று வெட்ட இருந்தேன். எண்ணைப் புத்தகத்தில் தேடினால், பின்கதவின் இன்டர்லாக். நகரப் பேருந்தில் பின்கதவு திறந்திருக்கும்போது வண்டி நகரக் கூடாது; ஆகவே கதவோடு இணைந்த ஒரு சுவிட்ச், பிரேக்கைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரையும் முடக்கும். என் வண்டியில் அந்தப் பின்கதவு சமையல் மேடைக்குப் பின்னால் மூடிக் கிடக்கிறது. வீடாக மாற்றியவர் கதவை அடைத்தாரே தவிர இன்டர்லாக்கை முறையாக விடுவிக்கவில்லை; மேடைக்குப் பின்னால் அந்தக் கதவுச் சுவிட்சை ஒரு கம்பியால் கட்டி வைத்திருந்தார். அந்தக் கம்பி நழுவினால் ஓடும் வண்டியில் பிரேக் பிடிக்கும். புதிதாக வயர் இழுப்பவர் முதலில் செய்வது பழைய கட்டை மொத்தமாக வெட்டுவது. நானும் அப்படிச் செய்திருந்தால், கம்பியைக் கண்டிருக்கவே மாட்டேன். பொத்தான்களைக் காப்பாற்றப் போனதால்தான் அது கண்ணில் பட்டது.

சரி, தரைச் சுவிட்சுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. தரை என்பது செருப்பு ஈரமும் மண்ணும் சேரும் இடம். உள்ளே முனைகள் பச்சை பூத்துத் துருவேறுகின்றன. என் டிம்மர் லோ பீமில் மட்டும் வேலை செய்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு முனை கரிந்திருந்தது. காரணம் ஈரம் மட்டும் அல்ல, முன்விளக்குகளின் முழு மின்னோட்டமும் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. சிறு மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இரண்டு போட்டு, விளக்கின் சுமையை அதற்கு மாற்றினேன். இப்போது சுவிட்ச் ரிலேயைத் தூண்டும் அளவுக்கே மின்சாரம் சுமக்கிறது, ஒரு ஆம்பியரில் சிறு பங்கு. ரிலேக்களை டெர்மினல் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, கையேட்டின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் வரைந்துவிட்டேன். புத்தகம் பொய்யாகக் கூடாது என்று சொல்லிவிட்டு நானே மாற்றம் செய்தால் அதைப் புத்தகத்திலேயே எழுதுவதுதானே நியாயம்.

இண்டிகேட்டரில் இன்னொரு சங்கதி. பின்விளக்குகளை எல்இடிக்கு மாற்றியதும் கண்சிமிட்டல் நின்றுபோனது. விளக்கைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர் சூடேறி வேலை செய்யும் வகை, எல்இடி எடுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. மின்னணு ஃபிளாஷர் போட்டதும் சரியானது. இது இரண்டு வழிக்கும் பொது என்பதால் யாருக்கும் மதிப்பெண் இல்லை.

ஓட்டும்போது எப்படி? முதல் வாரம் கால் தேடியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். திருப்பத்தின் நடுவில் கைப்பிடியைத் தேடாமல் காலாலேயே சைகை காட்ட முடிவது பெரிய நிம்மதி. காலை எடுத்தால் விளக்கும் நின்றுவிடும். தண்டில் மாட்டும் கைப்பிடிகள் பெரும்பாலும் காரில் போலத் தானாகத் திரும்பாது, மறந்தால் மைல்கணக்கில் சிமிட்டிக்கொண்டே போகும். நீண்ட சிவப்பு விளக்கில் நின்று பொத்தானை மிதித்தே இருப்பது மட்டும் கணுக்காலுக்கு வலி. அந்த நேரத்தில் கைப்பிடிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு.

ஆனால் கிளட்ச் உள்ள வண்டி என்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். திருப்பத்தில் இடது கால் கிளட்சில் இருக்கும்போது பொத்தானுக்கு எந்தக் காலைக் கொடுப்பது? கையால் கியர் மாற்றும் பழைய நெடுந்தூரப் பேருந்து வைத்திருப்பவருக்கு இண்டிகேட்டரை மட்டும் ஸ்டியரிங்குக்கு மாற்றச் சொல்வேன், டிம்மரைத் தரையிலேயே விடச் சொல்வேன். அப்படி ஒரு வண்டியை நான் சேர்ந்தாற்போல அரை நாள்கூட ஓட்டியதில்லை, ஆகவே இது யோசனைதான், அனுபவம் அல்ல. அதேபோல, குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் நான் இதை ஓட்டவில்லை. இரண்டு கோடைதான் ஆகியிருக்கிறது. உப்பில் ஓட்டுபவர் சுவிட்சை வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைக்க வேண்டியிருக்கலாம். அது சலிப்பாக இருந்தால் அவருக்கு ஸ்டியரிங் வழியே பொருந்தும்.

விற்கும்போது விலை கூடுமா என்று ஒருவர் கேட்டார். நான் விற்றுப் பார்த்ததில்லை. ஆனால் வாங்கியவன் என்ற முறையில், எனக்கு விற்றவர் ஐந்து பொத்தானுக்கும் பெயர் சொல்லி, கையேட்டையும் கூடவே கொடுத்திருந்தால் பேரம் பேசியே இருக்க மாட்டேன்.

மைக் பொத்தானை இன்னும் எதனுடனும் இணைக்கவில்லை. வெட்டுப்பட்ட வயரின் நுனியை மூடி, என்ன வயர், எங்கே போனது, எந்தத் தேதியில் பார்த்தேன் என்று எழுதிய சின்னத் தகரச் சீட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பொத்தான் அதே இடத்தில் இருக்கிறது.