எண்ணெயா, தண்ணீரா, படிகமா?

எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகளான நியூட்ரினோவைக் குறைந்த ஆற்றலில் ஆராயும் இயற்பியலுக்கான ஒரு வாரப் பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரிவுரைகள் எல்லோருக்கும் பொது. பிற்பகல் செய்முறைக்கு மட்டும் ஏதாவது ஒரு குழுவில் பெயர் கொடுக்க வேண்டும்: திரவ சிண்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் எண்ணெய்), நீர்ச் செரன்கோவ் (நீரில் அதிவேகமாகப் பாயும் துகள் விடும் ஒளியைப் பிடிப்பது), அல்லது சிறு படிகக் கருவி. மூன்றிலும் கால் வைக்க நினைப்பவர் எதையும் கற்காமல்தான் திரும்புவார்.

என் ஓட்டு சிண்டிலேட்டருக்கு. அதன் சாதனைகளுக்காக அல்ல, அது தரும் தொல்லைகளுக்காக. ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் விழுந்தால் அந்த எண்ணெய் ஏறத்தாழ 10,000 ஒளித்துகள்களை உமிழும். அதனால்தான் இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருந்த போரெக்ஸினோ என்ற சிண்டிலேட்டர் கருவியால், 0.862 மெகா எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே கொண்ட, சூரியனிலிருந்து வரும் பெரிலியம் நியூட்ரினோக்களைக்கூடத் தனியே பிரித்து அளக்க முடிந்தது. ஆனால் அதே வெளிச்சத்தில் எண்ணெயின் அழுக்கும், அதாவது அதில் கலந்த கதிரியக்கப் பொருள்களும், பளிச்சென்று தெரியும்.

சூரியனில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் சுழற்சி தரும் நியூட்ரினோக்களைத் தேடியபோது போரெக்ஸினோவுக்குக் குறுக்கே நின்றது அப்படியொரு அழுக்கான பிஸ்மத்-210. இரண்டின் ஆற்றல் நிறமாலையும் ஏறக்குறைய ஒரே சாயல். பிஸ்மத்தை நேரடியாக எண்ண முடியாவிட்டாலும், அது சிதைந்து உருவாகும் பொலோனியம்-210 விடும் ஆல்பா துகளை எண்ணலாமே என்று முயன்றார்கள். வெப்பநிலை சற்றே மாறினாலும் திரவம் மெல்லச் சுழன்று, நைலான் உறையில் ஒட்டியிருந்த பொலோனியத்தையும் உள்ளே இழுத்து வந்து கணக்கைக் கெடுத்தது. கடைசியில் முழுத் தொட்டிக்கும் வெப்பக் காப்புப் போர்வை போர்த்தித்தான் திரவத்தை அசையாமல் நிறுத்தினார்கள். முடிவு வெளியானது 2020இல். சூரியனின் மையத்தில் நடப்பதை அறிய, தொட்டியின் குளிர் சூட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது!

இந்தப் பாடத்தை மேசைமேல் வைத்தே தொடங்கலாம். ஒரு புட்டி சிண்டிலேட்டர், ஒரு ஒளிப்பெருக்கிக் குழாய் போதும். பிஸ்மத்-214 சிதைந்ததும் உருவாகும் பொலோனியம்-214க்கு அரை ஆயுள் 164 மைக்ரோ நொடி. பிஸ்மத் சிதையும்போது ஒன்று, பொலோனியம் சிதையும்போது ஒன்று என்று வரும் அந்த இரட்டை மின்னலை மாணவர் தானே பிடிக்கலாம். அணுஉலையின் எதிர் நியூட்ரினோவும் இப்படித்தான் சிக்குகிறது: முதலில் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானின் மின்னல், சுமார் 200 மைக்ரோ நொடி கழித்து நியூட்ரான் பிடிபடும் மின்னல்.

தண்ணீருக்கு வருவோம். வெளிச்சம் மிகக் குறைவு. 50,000 டன் நீர் கொண்ட, ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே தொட்டியிலும் சுமார் 3.5 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே கண் மங்கிவிடுகிறது. ஆனால் எண்ணெய் சொல்லத் திணறும் ஒன்றைத் தண்ணீர் எளிதாகச் சொல்லும்: நியூட்ரினோ எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை. மலைக்கு அடியில் இருந்துகொண்டே சூரியனைப் படம் பிடித்தது அந்தத் தொட்டி. விண்மீன் வெடிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுவே சரி. ஒரே குறை, ஒரு வாரத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் கணினி உருவகம்தான். நிரல் எழுதப் பிடித்தவருக்கு அது குறையே இல்லை.

படிகக் குழுவின் கவர்ச்சி வேறு. நியூட்ரினோ அணுக்கரு முழுவதையும் ஒருசேர உதைக்கும் என்று இயற்பியலாளர் ஃப்ரீட்மன் 1974இல் கணித்தார். 2017இல் அதைக் கண்டது வெறும் 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகம். சிறு கருவி, சிறு குழு. கம்பி இணைப்பதிலிருந்து முடிவு வரை ஒரே மாணவர் எல்லாவற்றையும் தொடலாம். ஆனால் உதைபட்ட கருவுக்குக் கிடைப்பது சில கிலோ எலக்ட்ரான்வோல்ட், அதிலும் ஒளியாக மாறுவது ஒரு துளி. வாரம் முழுக்க அளவீட்டைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். நியூட்ரினோவைக் காண மாட்டீர்கள். பொறுமைசாலிகள் போகலாம்.

என் ஓட்டுக்கு ஒரே விலக்கு உண்டு. உங்கள் ஆய்வகமே சிண்டிலேட்டர் ஆய்வகம் என்றால் அந்தக் குழுப் பக்கம் போகாதீர்கள். அதை ஐந்து வருடம் தினமும் பார்க்கத்தானே போகிறீர்கள்.