காரை இறக்கணும், இடுப்பும் தப்பிக்கணும்: நம்ம பாண்டி ரோட்டுக்கு எது தேறும்?

ஸ்விஃப்டோ போலோவோ பழைய ஹோண்டா சிட்டியோ, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல நாலு விரல் நுழையற அந்த கேப்பைப் பாத்தா சில பேருக்கு தூக்கமே வராது, காரோட உயரத்தைக் குறைச்சு தரைப்பக்கம் இறக்கியே ஆகணும். ஆனா அதே கார்ல தான் அம்மா அப்பா பின்சீட்ல உக்காந்து கடலூர் கல்யாணத்துக்கு வரணும், தவளக்குப்பம் தாண்டறதுக்குள்ள திட்டு ஆரம்பிச்சிடக்கூடாது. ரெண்டும் சேந்து நடக்குமான்னு கேட்டா, நடக்கும், எதை வச்சு இறக்குறோம் எவ்ளோ இறக்குறோம்ங்கறதைப் பொறுத்து.

கார் தாழ்வா இருக்கறதால மட்டும் சவாரி கெடறதில்ல. பள்ளத்துலயோ மேட்டுலயோ சக்கரம் மேல ஏறுறதுக்கு ஒரு இடம் வேணும், அதுக்குப் பேரு டிராவல். 40 மில்லிமீட்டர் இறக்கினா அந்த இடத்துலேந்து கிட்டத்தட்ட 40 அப்படியே போயிடும், மிச்சம் தீந்ததும் கடைசில தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் இடிக்கும், அந்த "டங்"குனு வர்ற சத்தம் தான் இடுப்புல எறங்குறது. இடிக்காம இருக்கணும்னா ஸ்பிரிங்க டைட்டாக்கணும், டைட்டாக்கினா சின்ன சின்ன ஒட்டுப்போட்ட ரோடெல்லாம் சீட்டுக்கு வந்துரும். இந்தச் சண்டையை எவன் நல்லா தீத்து வைக்கிறான்ங்கறது தான் கீழ இருக்க எல்லா ஆப்ஷனுக்கும் வித்தியாசம்.

முதல்ல காயிலை, அதாவது ஸ்பிரிங்கோட சுத்தை வெட்டுறது. காசு குறைவு, எந்தப் பட்டறையிலயும் அரை நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்க, அதனால தான் இன்னமும் ஓடுது. ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒரு சுத்தை வெட்டினா மிச்சம் அஞ்சு, அதோட விறைப்பு 20 சதவீதம் ஏறிடும், அதாவது டைட்டும் ஆகுது நீளமும் கொறையுது. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா வெட்டின முனை சீட்டுல ஒழுங்கா உக்காராது, ஜாக்கி போட்டு தூக்கினா இல்ல ஒரு பெரிய குழில சக்கரம் தொங்கினா ஸ்பிரிங் லூசாகி நகந்துடும், திரும்ப எறங்கும்போது எங்க உக்காரும்னு அதுக்கே தெரியாது. வெட்டாம கேஸ் வெல்டிங்ல சூடு காட்டி உக்கார வைக்கிறது இன்னும் மோசம், இரும்போட பதமே போயிடும், அப்புறம் நாள் போகப் போக எறங்கிட்டே இருக்கும். இதை ஒப்பீட்டுலயே சேத்திருக்கக் கூடாது, ஆனா நிறைய பேர் கேக்கறாங்கன்னு சேத்தேன். வேணாம்.

அடுத்தது லோயரிங் ஸ்பிரிங். ஐபாக், எச் அண்ட் ஆர், நம்ம ஊர்ல அதிகம் அடிபடற கோப்ரா, இந்த மாதிரி. இதுல தான் விஷயமே இருக்கு, ஏன்னா சவாரி நல்லாருக்குன்னு சொல்றவனும் நாசமாப் போச்சுன்னு சொல்றவனும் பல நேரம் ஒரே ஸ்பிரிங்கைத்தான் போட்டிருப்பாங்க. வித்தியாசம் ஷாக்ல, அதாவது ஸ்பிரிங் ஆடறதை அடக்கற ஷாக் அப்சார்பர்ல. கம்பெனி ஷாக்கு கம்பெனி ஸ்பிரிங்குக்குன்னு அளந்து செஞ்சது, அதுல டைட்டான ஸ்பிரிங்க மாட்டினா அது திரும்பி விரியற வேகத்தை ஷாக்கால பிடிக்க முடியாது, ஒரு மேட்டைத் தாண்டினதும் கார் ரெண்டு மூணு தடவை ஆடிட்டு தான் நிக்கும். அதோட ஷாக் ராடு எப்பவும் பாதி உள்ள போன நிலைமையிலயே ஓடும், ஏற்கனவே நிறைய ஓடின ஷாக்னா சீக்கிரமே ஆயில் கக்கிடும். அதனால ஸ்பிரிங் மட்டும் போட்டு பத்து நாள் கழிச்சு "செட் ஆயிடும் மச்சி"ன்னு சொல்றதை நம்பாதீங்க, ஸ்பிரிங் கொஞ்சம் உக்காரும், ஷாக் ஒண்ணும் மாறாது.

இறக்கின காருக்குன்னே கட்டையா செஞ்ச ஷாக் இருக்கு. பில்ஸ்டைன்ல பி6ங்கறது கம்பெனி உயரத்துக்கு, பி8ங்கறது அதையே கட்டையாக்கி இறக்கின ஸ்பிரிங்குக்குன்னு வர்றது. நம்ம காருக்கு அந்த மாடல் கிடைக்குதான்னு பாக்கணும், எல்லா காருக்கும் வராது. கிடைச்சா 25லேந்து 30 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் கூட ஜோடி சேத்துட்டா, கம்பெனி காரை விட கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ஆனா ஒரே தடவை அமுங்கி ஒரே தடவைல அடங்கும், பின்சீட்ல இருக்கறவங்களுக்கு இந்த ஆட்டம் இல்லாததே பெரிய நிம்மதி. என் ஓட்டு இதுக்குத்தான், அதுவும் 30க்கு மேல போகாம.

ஏன் 30ன்னு கேட்டா ஸ்பீடு பிரேக்கர் கணக்கு பாருங்க. இந்திய ரோடு காங்கிரஸ் சொல்ற ஹம்ப் 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 செ.மீ. உயரம், வட்டமான மேடு. ஸ்விஃப்டோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்க தூரம், 2.45 மீட்டர், அதனால நாலு சக்கரமும் அந்த மேட்டு மேலயே நிக்கும், காரோட அடி வயித்துக்கும் மேட்டுக்கும் நடுவுல தேவைப்படறது சுமார் நாலரை செ.மீ. தான், இறக்கின கார் கூட ஈஸியா தாண்டிடும். ஆனா நம்ம ஏரியா உள்தெருவுல எவனோ ராத்திரியோட ராத்திரியா சிமெண்ட்ல போட்ட ஒரு அடி அகல மேடு இருக்கு பாருங்க, அதுல முன் சக்கரம் எறங்கினப்புறம் முழு உயரமும் நேரா வயித்துக்கு வரும். கம்பெனி ஸ்விஃப்ட்ல தரைக்கும் வயித்துக்கும் இருக்க கிளியரன்ஸ் 163 மி.மீ., அதுல 30 போனா 133, நாலு பேரும் லக்கேஜும் ஏறினா இன்னும் கம்மி. 50 இறக்கினவன் குறுக்க வளைச்சு வளைச்சு தாண்டறதைப் பாத்திருப்பீங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறவனுக்கு என்ன தெரியும் பாவம்.

காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டா வர்றது, அதைப் பத்தி வந்தா எல்லாரும் "ஹைட் அட்ஜஸ்ட் பண்ணலாம்"னு ஆரம்பிப்பாங்க. பி.சி. ரேசிங், டெயின், கே.டபிள்யூ. எல்லாம் பேர் வாங்கினது தான், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க, உயரம் எங்க மாத்தறாங்கன்னு. சிலதுல ஸ்பிரிங் உக்காரற தட்டை கீழ எறக்குவாங்க, அப்ப ஷாக்கும் சேந்து உள்ள போயிடும், டிராவல் போச்சு. சிலதுல கீழ இருக்க பிராக்கெட்டையே திருகி மொத்த நீளத்தைக் குறைக்கலாம், அப்ப ஸ்பிரிங்கும் ஷாக்கும் இருந்த இருப்புலயே இருக்கும், ஷாக்குக்குள்ள டிராவல் குறையாது, ஆனா டயர் ஃபெண்டர் லைனர்ல உரசுதான்னு மட்டும் பாத்துக்கணும். வசதியா சவாரி வேணும்னா ரெண்டாவது வகை தான். இன்னொண்ணு, மேல கம்பெனி ரப்பர் மவுண்ட்டுக்கு பதிலா பில்லோபால்னு இரும்பு மவுண்ட் வந்தா ஸ்டீயரிங் கூர்மையா இருக்கும், ஆனா ரோட்டு சத்தம் பூரா கேபினுக்குள்ள, வீட்டுக்காரங்க கூட போறவங்க தவிர்க்கறது நல்லது. அப்புறம் நம்ம உப்புக்காத்து. முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் மாதிரி கடல் ஓரம் காரை நிறுத்துறவங்க உயரம் மாத்தறதுக்குத் திருகற அந்த மரையைக் கழுவி கிரீஸோ துரு தடுக்கற ஸ்பிரேயோ அடிச்சு வைக்கலைன்னா மரைல சுத்தற காலர் அப்படியே பிடிச்சுக்கும், அட்ஜஸ்ட் பண்ணலாம்னு காசு குடுத்து வாங்கினது கடைசில ஒரே உயரத்துல நிக்கிற விலை ஒசந்த ஸ்பிரிங் தான்.

ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை வைக்கிற ஏர் சஸ்பென்ஷன் உண்மையிலயே ரெண்டு வேலையும் செய்யும். நிறுத்தும்போது தரையோட தரையா, ஓட்டும்போது தேவையான உயரம், மேடு வந்தா பட்டன். ஏர் லிஃப்ட் மாதிரி கிட், நல்ல ஷாக், ஒழுங்கா காத்து அழுத்தம் செட் பண்ணினா காயில்ஓவரை விட மெத்துன்னு இருக்கும். சிக்கல் விலை, எல்லாம் சேத்தா சின்ன காரோட விலையில நல்ல பங்கு வந்துடும். டிக்கில டேங்க், கம்ப்ரசர், வயரிங் எல்லாம் இடம் பிடிக்கும். ஈரக்காத்து ஊர்ல டேங்க்குல தண்ணி சேரும், தண்ணியைப் பிரிச்சு பிடிக்கற வாட்டர் டிராப் வைக்கணும், அப்பப்ப வடிக்கணும். ஷோவுக்குன்னா ஜாலி, தினமும் ஆபீஸ் போற காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

யாரும் ஆப்ஷனாவே எண்ணாத ஒண்ணு டயர். கேப் பெருசா தெரியறதுக்கு பாதி காரணம் சின்ன வீல், ஒல்லி டயர். ஸ்விஃப்ட்ல 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16, மூணுக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. தான். 14 இன்ச்லேந்து 16க்கு போனா கண்ணுக்கு நிறைஞ்சு தெரியும், ஆனா டயர் சுவர் 132லேந்து 107 மி.மீ.க்கு குறையும், குழில அடி வாங்கறது அந்த ரப்பர் தான். இறக்கவும் செஞ்சு 17 இன்ச் அலாயும் போட்டுட்டு சஸ்பென்ஷன் சரியில்லன்னு புலம்பறவங்க நிறைய. இறக்கப் போறீங்கன்னா 15லயே நில்லுங்க, சரியான ஆஃப்செட்ல (வீல் எவ்ளோ உள்ள, வெளிய உக்காருதுங்கற அளவு) வீலைக் கொஞ்சம் வெளிய கொண்டு வந்தாலே பார்வைக்கு பாதி வேலை முடிஞ்சிடும்.

எதைப் போட்டாலும் அலைன்மென்ட் கட்டாயம். முன்னாடி ஸ்ட்ரட் உள்ள கார் எறங்கினா கேம்பரும் (சக்கரத்தோட சாய்வு) டோவும் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற அளவு) மாறும், டோ தப்பா இருந்தா டயர் உள்பக்கம் சத்தமில்லாம தேயும், வெளிய இருந்து பாத்தா தெரியவும் தெரியாது. ஹெட்லைட்டையும் திரும்ப லெவல் பண்ணுங்க. மழை கணக்கையும் மறக்காதீங்க, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்தப்போ பாண்டி தெருவெல்லாம் என்ன கதில இருந்துச்சுன்னு தெரியும், சாதாரண மழைக்கே இந்திரா காந்தி சிலை பக்கம் தண்ணி நிக்கும், 30 மி.மீ. எறங்கினா இன்ஜின் காத்து இழுக்கற ஏர் இன்டேக்கும் அதே அளவு தண்ணிக்குக் கிட்ட வரும். அப்புறம் சட்டம், வண்டியை மாத்தறதைப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிருக்கு. அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் முதல்லயே கேட்டுக்கங்க. கழட்டின கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க, எஃப்.சி.க்கோ விக்கறதுக்கோ திரும்ப மாட்ட வேண்டி வரும்.