விவாகரத்து லோயர் பீஸ்: யாழ்ப்பாணத்தில நாங்கள் பிடிச்ச சட்டத்தரணி பற்றி (5க்கு 4)

அக்கான்ர வழக்கு ஒருமாதிரி முடிஞ்சிட்டுது. லோயரின்ர பேரை இதில போடேல்ல, போட்டா அக்காவை ஆரெண்டு ஊர் பிடிச்சிடும். ஆனா எவ்வளவு முடிஞ்சது, எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு தெரிஞ்ச ஆக்கள் கேக்கினம், அதுக்குத்தான் இந்த ரிவியூ.

முதல் ஒருத்தரிட்டப் போனாங்கள். ரெண்டு பேருக்கும் சம்மதமெண்டா ஒரு மாசத்தில எடுத்துத் தாறன், எல்லாத்துக்கும் சேர்த்து இவ்வளவு எண்டு ஒரு தொகையைச் சொன்னார், எல்லாம் எண்டா எதெது எண்டு கேக்க அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன் எண்ட கதைதான். அங்கயே எழும்பி வந்திட்டம். ஏனெண்டா இலங்கையில எங்களுக்குப் பொருந்திற பொதுச் சட்டத்தில சம்மதத்தில விவாகரத்து எண்டு ஒண்டு இல்லை. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில காரணம் மூண்டே மூண்டுதான், கலியாணத்துக்குப் பிறகு வேற ஆளோட தொடர்பு, வேணுமெண்டே விட்டிட்டுப் போறது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு மாதிரிப் பிரச்சினை. அதால ரெண்டு பேருக்கும் விருப்பமெண்டாலும் ஒராள் மற்றாளில குற்றம் சொல்லி வழக்குப் போட, மற்றாள் எதிர்க்காமல் விடுறதுதான் நடக்கிறது. அதிலயும் முதல் தீர்ப்பு வந்து மூண்டு மாசமாவது போனாத்தான் முடிவான தீர்ப்பு. பேந்து எங்கால ஒரு மாசம்? (ஏழு வருசம் பிரிஞ்சிருந்தா தன்பாட்டில ரத்தாகும் எண்டும் ஒரு கதை இருக்கு, அப்பிடி ஒண்டுமில்லை, கோட்டுக்குப் போய்த்தான் ஆகோணும்.)

பிறகு பிடிச்சவ ஒரு மிஸ், வயசு கொஞ்சம் போன ஆள். நல்லாக் கேட்டா, அக்காவைப் பாத்து "பிள்ளை, என்ன வேணுமெண்டு முதல் சொல்லுங்கோ, விவாகரத்தோ, செலவுக்காசோ, காணியோ" எண்டா. உந்த ஒரு கேள்வியாலதான் எங்களுக்குக் காசு மிஞ்சினது எண்டு சொல்லுவன். பிள்ளையின்ர தாபரிப்புக் காசு எடுக்க விவாகரத்து முடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில தனியாக் கேக்கலாம். காணி வேற கதை. எங்கட ஆக்களுக்குத் தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம் இருக்கிறதால சீதனமா வந்தது அக்கான்ர, கலியாணத்துக்குப் பிறகு தேடினது தேடியதேட்டம், அதில ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஆனா கலியாணம் எழுத்தில இருக்குமட்டும் தன்ர சீதன வீட்டை விக்கிறதெண்டாலும் புருசன்ர கையெழுத்து வேணும், அவர் தராட்டி கோட்டிட்ட அனுமதி கேக்கோணும். அக்கா விவாகரத்துக்கு அவசரப்பட்டதே இதுக்காகத்தான். தேடியதேட்டத்தைப் பிரிக்கிறதையும் சண்டையாக்கினா வழக்கு இழுபடும், லோயர் பீஸும் அதோட இழுபடும், முடிஞ்சா வெளியில கதைச்சுப் பேசி ஒரு காணி உறுதி எழுதுங்கோ எண்டா. அத்தான் கனடாவில, அவற்ற தமையனோட ஒரு பின்னேரம் கதைச்சு ஒத்துக்கொண்டாச்சு. இப்பிடி வேலையைக் குறைச்சுச் சொல்லுற லோயர் கிடைக்கிறது கஸ்டம்.

இனி பீஸ். மிஸ் ஒரு கடதாசியில பிரிச்சு எழுதித் தந்தவ: வழக்கு எழுதிப் பதியிறதுக்கு ஒண்டு, ஒவ்வொரு தவணைக்கும் (கோட்டில வழக்குக் கூப்பிடுற நாள்) ஒண்டு, சாட்சி சொல்லுற நாளுக்கு கொஞ்சம் கூட. மற்றப்பக்கம் எதிர்த்து மறுமொழி போட்டா, பெரிய லோயரைக் கூப்பிட வேண்டி வந்தா அது புறம்பு எண்டும் எழுதியிருந்துது. எல்லாரும் முதல் தொகையைத்தான் பேரம் பேசுறது, ஆனா காசு போறது தவணையில. சும்மா ஒரு கணக்குக்கு தவணைக்கு 5000 எண்டு வையுங்கோ, 10 தவணை போனா 50000, அதில பாதித் தவணை அழைப்பாணை போய்ச் சேரேல்ல, நீதிபதி லீவு எண்டு திகதி மாத்தினதாயும் இருக்கலாம். அதால கேக்க வேண்டிய கேள்வி, வெறும் திகதி போடுற நாளுக்கும் முழுக்காசோ எண்டது. நாங்கள் கேட்டனாங்கள், பாதி எண்டு ஒத்துக்கொண்டா.

எதிராளி வெளிநாட்டில எண்டா அழைப்பாணை போய்ச்சேர்ற செலவும் நேரமும் தனி, சரியான விலாசத்தை முதலே எடுத்து வைச்சாத் தவணை மிச்சம். வழக்குப் போடுறவர் தான் இருக்கிற இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில போடலாம், அதால பருத்தித்துறை ஆக்கள் யாழ்ப்பாண ரவுண் லோயரைப் பிடிச்சு அவருக்கு வாகனக் காசும் குடுக்கிறது ஏனெண்டு எனக்கு விளங்கிறேல்ல. விவாகச் சான்றிதழ் பிரதி, பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ் எல்லாம் நாங்களே பிரதேச செயலகத்தில எடுத்தம், கிளாக்கை அனுப்பினா அதுக்கும் ஒரு காசு. பற்றுச்சீட்டு ஒவ்வொரு முறையும் கேளுங்கோ. இடையில லோயரை மாத்திறதெண்டா பழைய பிரொக்ஸியை (எங்களுக்காக வழக்கை நடத்த லோயருக்கு எழுதிக் குடுக்கிற அதிகாரம்) கோட்டின்ர அனுமதியோட ரத்துச் செய்து புதுசு போடோணும், பழைய ஆளின்ர கணக்கு தீராட்டி பைல் வாங்கிறதே பெரும்பாடு, அதால தொடக்கத்திலயே ஆளை வடிவாப் பாத்துப் பிடியுங்கோ.

காசுக்கு வழியே இல்லாதவை சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போங்கோ, யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்தது, வருமானத்தைப் பாத்துத்தான் எடுப்பினம். அங்க போறது வெக்கம் எண்டு நினைச்சு நகையை ஈடு வைக்கிற ஆக்கள் எங்கட ஊரில இருக்கினம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைச்சனான் எண்டா, போன். எடுத்தா மிஸ் எடுக்கிறேல்ல, வட்ஸ்அப்பில ரெண்டு கோடு நீலமாகும், பதில் வராது. கிளாக் தம்பிக்கு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுத்தா அடுத்த தவணைத் திகதி சொல்லுவார், அதுக்கு முதல் எடுத்தா கோட்டில நிக்கிறன் அக்கா எண்டு வைச்சிடுவார். முடிவான தீர்ப்பின்ர பிரதி எடுக்கேக்க ரெண்டு மூண்டாக் கேட்டு எடுங்கோ, இங்கிலீசில மொழிபெயர்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒண்டு, வீட்டில வைக்க ஒண்டு.