இன்காக்னிட்டோவா, விபிஎன்னா, வேறு பிரவுசரா?

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் போனேன். கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்து கிடந்தது. வரிசையாக ஆதார் பிடிஎஃப்கள், யார் யாருடையவோ.

"எல்லாமே இன்காக்னிட்டோல எடுத்ததுதாண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைத் தம்பி.

ஆகும். ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி பிரவுசர் ஜன்னல்தான் இன்காக்னிட்டோ. அதை மூடினால் ஹிஸ்டரியும், தளங்கள் நம்மை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பான குக்கீயும் போகும். இறக்கிய ஃபைல் போகாது. பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இருந்தாலும் பலர் கைபடும் கம்ப்யூட்டருக்கு இன்காக்னிட்டோவைத்தான் சொல்வேன். ஜன்னல்களை மூடி, ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அடுத்து வந்து உட்காருபவர் கண்ணில் சுலபமாகப் படாது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நெட் கனெக்‌ஷன் தருபவருக்கும் நாம் போகும் தளத்துக்கும் நம் வருகை தெரியும். இந்த விஷயத்தில் கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள். 2024இல் சமரசமாகி, சேர்த்த தரவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

நம் நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் இதற்கு நேர் எதிர். கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி அப்படியே இருக்கும். கனெக்‌ஷன் தருபவருக்குத்தான் நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. ஆனால் அதே விவரம் இப்போது விபிஎன் கம்பெனி கையில். வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொல்லி 2022இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவு போட்டதும், சில கம்பெனிகள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச விபிஎன்னை நான் தொடமாட்டேன்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபயர்பாக்ஸ் போதும். ஒரு தளம் வைக்கும் குக்கீயை இன்னொரு தளத்தில் வைத்துப் பின்தொடர முடியாதபடி, தளத்துக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாகப் போட்டு வைக்கிறது. 2022இலிருந்து இது தானாகவே ஆனில் இருக்கும்.

சரி, போலித் தளம்? இந்த மூன்றையுமே அதற்கு நம்பி உட்கார முடியாது. "அட்ரஸ் பார்ல பூட்டுப் படம் இருக்கே" என்பார்கள். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டு. எதிரே இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. திருடனுக்கும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்தது.

கடைத் தம்பிக்கு அட்ரஸ் பாரைக் காட்டினேன். தொடக்கத்து 'https://' போக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ஆதார் ஆணையத்தின் முகவரியான 'யுஐடிஏஐ டாட் கவ் டாட் இன்' (uidai.gov.in) என்று முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து, அந்த ஃபோல்டரைக் காலி செய்தோம்.