ஒரு சினைப்பையை விட்டுவைப்பதா, மொத்தமாக எடுத்துவிடுவதா?

இளவயதில், ஆரம்ப நிலையிலேயே சினைப்பைப் புற்றுநோய் பிடிபட்டால் பொதுவாக இரண்டு வழிகள் முன்னால் வரும். கட்டி உள்ள பக்கத்துச் சினைப்பையையும் கருக்குழாயையும் மட்டும் எடுப்பது ஒன்று. இரண்டு சினைப்பை, இரண்டு குழாய், கர்ப்பப்பை என எல்லாவற்றையும் எடுத்துவிடுவது மற்றொன்று. எனக்கு வந்தது மியூசினஸ் வகை (சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டி), 1ஏ நிலை (ஒரு சினைப்பைக்குள்ளேயே நிற்பது), முதல் தரம் (செல்கள் மெதுவாக வளரும், வீரியம் குறைந்த தரம்). நான் முதல் வழியில் போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

குழந்தை பெறும் வாய்ப்பு முதல் வழியில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

உயிருக்கு எது பாதுகாப்பு? தரம் குறைந்த 1ஏ நிலையில் ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். நல்ல சினைப்பையை விட்டுவைப்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான் மருத்துவர்களே இதை ஒரு வழியாகச் சொல்கிறார்கள். ஆனால் நோய் உண்மையிலேயே அங்கேயே நிற்கிறதா என்று முழுதாகத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். ‘சின்ன ஆபரேஷன்’ என்று சிலர் சொல்வது சரியில்லை. வயிற்றைக் கழுவிய நீர், குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலமான ஓமெண்டம், வயிற்று உள்ளுறையிலிருந்து சில துண்டுகள் எல்லாம் என்னிடமிருந்தும் பரிசோதனைக்குப் போயின. மியூசினஸ் கட்டி குடல்வாலிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள். நோய் வெளியே பரவியிருப்பதாக அந்த அறிக்கை சொன்னால் பேச்சே வேறு.

என்னை முடிவெடுக்க வைத்தது ஹார்மோன். குழந்தை வேண்டுமா என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். எலும்பு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தானாக வரும் மெனோபாஸ் சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருவது. இரண்டு சினைப்பையையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களிலேயே விழுந்துவிடும். உடல் திடீரென்று கொதித்து வியர்ப்பது, தூக்கம் கெடுவது, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை உடனே தெரியும். எலும்பு தேய்வதும் இதய நோய்க்கான ஆபத்து ஏறுவதும் தெரியாது; ஆண்டுக்கணக்கில் உள்ளேயே நடக்கும். ஐம்பதை நெருங்கும்போது வர வேண்டியது முப்பதுக்கு முன்பே வந்தால், இருபது ஆண்டுக்கு மேல் அதற்கு ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, பட்டை அல்லது ஜெல், அவ்வப்போது எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி. கர்ப்பப்பையும் இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், கூடவே புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் வேண்டாம் என்பது ஒரு சின்ன வசதி. என் வகைக்கு ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. கிரானுலோசா செல் கட்டி, தரம் குறைந்த சீரஸ் வகை போன்ற வேறு சில சினைப்பைப் புற்றுநோய்களை ஈஸ்ட்ரோஜன் தூண்டக்கூடும் என்பதால் அவற்றில் மருத்துவர்கள் ஈஸ்ட்ரோஜன் எழுதவே தயங்குவார்கள். அப்போது ஈடுகட்டவும் வழி குறைவு. இவ்வளவையும் மீதமிருக்கும் ஒரே சினைப்பை சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. குழந்தையே வேண்டாம் என்று இருந்திருந்தாலும் அதை விட்டுவைக்கத்தான் சொல்லியிருப்பேன்.

இதற்கும் பராமரிப்பு உண்டு, மறைக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது இரு வழிக்கும் பொது. ஆனால் உள்ளே சினைப்பை இருந்தால் அது தன் வேலையைச் செய்யும். மாதாமாதம் முட்டை வளரும்போது சில சமயம் நீர்க்கட்டி உண்டாகும். ஸ்கேன் அறிக்கையில் ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைப் பார்த்தால் வயிறு கலங்கும். சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அது இருக்காது. அந்தச் சில வாரங்கள்தான் கொடுமை. நோய் திரும்புகிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் சி.ஏ.125 என்ற புரதம் கூட மாதவிலக்கு நாட்களில் ஏறும் என்பதால் எந்த நாளில் ரத்தம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. அந்த வழியின் உண்மையான பலம் இதுதான்.

எல்லாருக்கும் என் முடிவு பொருந்தாது. பதின்வயதிலும் இருபதுகளிலும் வரும் ஜெர்ம் செல் கட்டிகளில் (முட்டையை உருவாக்கும் செல்களிலிருந்து வருபவை) யோசிக்கவே வேண்டாம். கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், கொஞ்சம் பரவியிருந்தால்கூட மற்றப் பக்கத்தை விட்டுவைப்பதே வழக்கம். எண்டோமெட்ரியாய்டு வகையென்றால் (கர்ப்பப்பை உள்சுவரின் செல்களைப் போன்றது) கர்ப்பப்பையை விட்டுவைக்கும் முன் அதன் உள்சுவரிலிருந்தும் பயாப்சி எடுக்க வேண்டும். அங்கேயும் ஒரு புற்று இருக்கக்கூடும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தை ஏற்றும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் என் வாதம் ஆட்டம் காணும். பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களில் பத்தில் நான்கு பேர் வரை வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோயைச் சந்திக்கிறார்கள். அந்நிலையில் நல்ல பக்கமும் நல்ல பக்கமில்லை. அதனால் முடிவெடுக்கும் முன்பே மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். மூன்றாம் தரத்துக் கட்டியோ (வீரியம் மிகுந்தது), 1சி நிலையோ (கட்டியின் உறை உடைந்தது அல்லது வயிற்று நீரில் புற்றுச் செல் இருப்பது போன்றவை) என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். அது என் அனுபவத்துக்கு அப்பால்.

கர்ப்பத்துக்கு நான் இன்னும் முயலவில்லை, ஆகவே அந்தப் பக்கத்தையும் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பெற்ற பிறகு மீதியையும் எடுத்துவிட வேண்டுமா என்பதில் நான் பார்த்த இரண்டு டாக்டர்களும் ஒத்துப்போகவில்லை. நாற்பதை ஒட்டிப் பேசிக்கொள்வோம் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.