முற்றிய பபேசியோசிஸ்: இரண்டு மருந்து ஜோடிகளில் எது?

உண்ணிக்கடி வழியே உடலுக்குள் வரும் பபேசியா ஒட்டுண்ணி, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைத்துப்போடும். பலருக்கு அது வந்துபோனதே தெரியாது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், வயதானவர்கள் பாடுதான் திண்டாட்டம்: கடும் இரத்தசோகை, மூச்சுத்திணறல், சிறுநீரகமோ இதயமோ செயலிழப்பது எனப் போகும். மண்ணீரல் கிழிவது மட்டும் விசித்திரம். நன்றாக இருந்தவர்களுக்கும் அது நேர்கிறது.

சரி, மருந்துக்கு வருவோம். பழைய ஜோடி கிளிண்டாமைசின், குயினைன். வேலை செய்யும், ஆனால் படுத்தியெடுக்கும். காதுக்குள் விடாமல் ரீங்காரம், தலைசுற்றல், காது மந்தம், வயிற்றுப்போக்கு. இதயத்துடிப்பின் லயமும் பிசகலாம். புதிய ஜோடி அட்டோவாகுவோன், அசித்ரோமைசின். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டும் ஒட்டுண்ணியை ஒன்றுபோலவே ஒழித்தன. பக்கவிளைவுகளோ பழையதில் 72 சதவீதம் பேருக்கு, புதியதில் 15 சதவீதம் பேருக்கு. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை.

இருந்தும் கடும் நோய்க்கும் இப்போது முதல் தேர்வு புதிய ஜோடிதான். அசித்ரோமைசினை நரம்பில் ஏற்றுவார்கள். இந்த ஜோடியின் பலவீனம் அட்டோவாகுவோன். வாய்வழி மட்டுமே தரக்கூடிய மருந்து. கொழுப்புள்ள உணவோடு சாப்பிடாவிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிடுவதும் உண்டு. அப்போது குயினைனின் தொல்லையைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பத்து சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்கள் பாதிக்கப்பட்டால், எந்த ஜோடியானாலும், கூடவே நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்துவிட்டு, கொடையாளரின் இரத்தத்தை ஏற்றும் பரிமாற்றத்தையும் யோசிப்பார்கள்.