38,500 ரூபாய் கட்டி மிக்ஸ்டு மாடல் கோர்ஸில் ஏமாந்தேன்: மருத்துவ டேட்டா பார்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மிக்ஸ்டு மாடல் என்பது ஒரே ஆளிடம் பல தடவை எடுத்த அளவுகளை ஆராயும் புள்ளியியல் முறை. நேற்று இரவு 11 மணிக்கு அந்தக் கோர்ஸின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். தீசிஸ் எழுதும் பிஜி டாக்டர்கள், என்னைப் போல் கல்லூரியில் புள்ளியியல் பார்ப்பவர்கள், யாரும் இதே வலையில் விழக்கூடாது. சேருமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். கையில் இருப்பது 212 சர்க்கரை நோயாளிகளின் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகள். சேர்ந்த அன்று, அப்புறம் 3, 6, 12ஆம் மாதங்களில் என்று ஆளுக்கு நான்கு அளவு இருக்க வேண்டும். ஏட்டில்தான் நான்கு. ஒரு பாட்டிக்கு முதல் நாள் 9.4, மூன்றாம் மாதம் 8.9. ஆறாம் மாதம் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டார். பன்னிரண்டாம் மாதம் வந்தபோது 8.1. இப்படி ஏதாவது ஒரு தடவை வராதவர்கள்தான் பாதிக்கு மேல். இந்த மாதிரி அளவுகளை ஒப்பிட எங்களுக்குப் பழகிய ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா என்ற முறையில் ஓர் அளவு இல்லையென்றால் அந்த ஆளே கணக்கில் இருந்து போய்விடுவார். 212 பேரில் 97 பேர்தான் மிஞ்சினார்கள். மிக்ஸ்டு மாடலில் பாட்டியின் மூன்று அளவும் கணக்கில் நிற்கும். ஒவ்வொருவரும் தொடங்கும் இடமும் இறங்கும் வேகமும் வேறு வேறு என்று எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான போக்கையும் அது சொல்லும். அதை முறையாகக் கற்க வேண்டும் என்றுதான் போனேன்.

இணையத்தில் பார்த்த பயிற்சி நிறுவனம் அது. மருத்துவ டேட்டாவுக்கென்றே நடத்துவதாக விளம்பரம். ஆறு வாரம், நேரலை வகுப்பு, நிஜமான ஆஸ்பத்திரி டேட்டா, சான்றிதழ். விசாரிப்பதற்காக நம்பர் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் கூப்பிட்டார். நான் நம்பியது அந்த ஒரு அழைப்பில்தான். "உங்க டேட்டா எப்படி மேடம், எத்தனை விசிட், எத்தனை பேர் நின்னுட்டாங்க?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பாட்டி கதையைக்கூடச் சொன்னேன். "மூணாவது வாரம் உங்க டேட்டாவை வச்சே கிளாஸ் எடுக்கச் சொல்றேன் மேடம். சார் உங்களோட தனியா ஒரு மணி நேரம் உட்காருவார்" என்றார். என் டேட்டாவைப் பற்றி அவ்வளவு பொறுமையாக அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் இருந்து 38,500 ரூபாயை அன்று ராத்திரியே ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அதைப் பார்த்தும் விட்டுவிட்டேன்.

நேரலை என்றார்களே, முதல் வாரமே பதிவு செய்த வீடியோ. சந்தேகம் கேட்க ஞாயிறு மட்டும் அரை மணி நேரம். எல்எம்இஆர் (ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மிக்ஸ்டு மாடல் போடும் கட்டளை) முடிவில் பி-மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண்) வரவில்லையே என்று ஒருவர் கேட்டார். "உங்க இன்ஸ்டாலேஷன் தப்பு, அழிச்சுட்டு மறுபடி போடுங்க" என்று அந்த சாரின் பதில். அந்தக் கட்டளையைத் தரும் எல்எம்இ4 தொகுப்பை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் பி-மதிப்பைக் கொடுப்பதில்லை. இந்த மாடல்களில் எத்தனை டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (பி-மதிப்பைக் கணக்கிடத் தேவைப்படும் எண்) என்பதே எளிதில் தீராத விஷயம். பி-மதிப்பு வேண்டுமென்றால் எல்எம்இஆர்டெஸ்ட் என்று தனித் தொகுப்பு இருக்கிறது. இது தெரியாதவரா நிபுணர்?

விட்டுப்போன அளவுகளுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். கடைசியாக வந்த அளவையே விட்டுப்போன இடத்துக்கும் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இருக்கிற அளவுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடத்தானே மிக்ஸ்டு மாடல் படிக்க வந்தேன்! அப்படி இழுத்துப் போடுவதை முதன்மை முறையாக வைக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2010ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எச்சரித்துவிட்டது. சர்க்கரை ஏறியதால் பயந்தே ஒருவர் வராமல் போயிருந்தால் மிக்ஸ்டு மாடல் மட்டும் போதுமா என்ற என் உண்மையான சந்தேகத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாவது வாரம் என் டேட்டா வரவில்லை. "ஐசியூ நோயாளிகளின் சர்க்கரை அளவு" என்று ஒரு கோப்பு வந்தது. 18 பேர், பத்து நாள், 180 வரி. முதல் வரியில் 249.56. அடுத்தது 258.7047. சர்க்கரையை நான்கு தசம இடம் வரை எந்த மீட்டர் காட்டும்? அன்று ராத்திரி வீட்டில் எல்எம்இ4-ஐத் திறந்து, அதோடு இலவசமாக வரும் ஸ்லீப்ஸ்டடி என்ற டேட்டாவைப் பார்த்தேன். முதல் வரி 249.56. அடுத்தது 258.7047. தூக்கத்தைக் குறைத்தால் ஒருவர் எவ்வளவு மெதுவாக எதிர்வினை காட்டுகிறார் என்று மில்லிசெகண்டில் அளந்த டேட்டா அது. ரியாக்‌ஷன் என்ற தலைப்பை அழித்துவிட்டு சர்க்கரை என்று எழுதியிருக்கிறார்கள். 180 வரியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஓர் எண்கூட மாறவில்லை. 38,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது, உலகத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கோப்பு. இதை நம்பி யாராவது தீசிஸில் எழுதியிருந்தால் என்ன ஆகும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், ஏழு வேலை நாள்." ஏழு நாள் போனது. "ஃபைனான்ஸ் டீம்ல இருந்து கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. என்னிடம் பாட்டி கதை கேட்ட அந்தப் பெண்ணுக்கே போன் செய்தேன். "நான் அட்மிஷன் மட்டும்தான் மேடம்" என்று வைத்துவிட்டார். அப்புறம் ஒரு மெயில்: நான் வீடியோக்களைத் திறந்துவிட்டதால் பணம் திருப்பித் தர வழியில்லையாம், வேண்டுமானால் அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரலாமாம். நேற்று அந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் நான் வெளியே. 38,500 ரூபாய் உள்ளே.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கோபத்தில் ஒன்றும் கோர்வையாக வரவில்லை. தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். போனில் சொல்வதையெல்லாம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் அவர்கள் டேட்டாவின் முதல் பத்து வரியைக் காட்டச் சொல்லுங்கள். எல்எம்இ4 எழுதியவர்களே 2015இல் எழுதிய விளக்கக் கட்டுரை இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

அந்தக் குரூப்பில் இன்னும் இருக்கும் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் ஐசியூ கோப்பைத் திறந்து முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள். நான் இப்போது நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடப் போகிறேன்.